ஏழு மணிக் கரண்டில் ரெஜினாக்காவின் குரல்

அன்று காலை பதினோரு மணிக்கு எங்கள் தொழிற்சாலை சப்-ஸ்டேஷனில் மீட்டர்களைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. "சார், போர்டுலேர்ந்து பேசறேன். உங்களுக்கு வெளியிலேர்ந்து ஒரு கால்" என்றது, இப்போதிருக்கும் ஆபரேட்டர் பெண்ணின் மெல்லிய குரல். அடுத்த நொடி மோசஸ் பேசினான். மோசஸ் எங்கள் ஃபவுண்டரிக்காரன். எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ் அடித்தவன். அன்று லீவு போட்டிருந்தான்.

"சேகரு, ரெஜினாக்கா போயிடுச்சுடா. காமாலைடா. நேத்து ராத்திரி கூட கஞ்சி குடிச்சுதாம். காலையில பேச்சு இல்ல, மூச்சு இல்ல."

"லைன்ல இருடா" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை மேசைமேல் வைத்தேன். அது என் வார்த்தை இல்லை. பத்து ஆண்டுகள் இந்தத் தொழிற்சாலையின் தொலைபேசிப் போர்டில் உட்கார்ந்து ரெஜினாக்கா எல்லோரிடமும் சொன்ன வார்த்தை. ரிசீவரைத் திரும்ப எடுத்தபோது மோசஸ் அழுதுகொண்டிருந்தான்.

மனமகிழ் மன்றச் செயலர் நினைவு மலருக்காக இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார். "நல்ல பாடகி, நல்ல மனுஷி, அந்த மாதிரி எழுதிக் குடு சேகர்" என்றார். எழுதியிருப்பேன். ஆனால் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது. "இவங்கதான் கேசட்டுல பாடினவங்களா?" என்று ஒருவர் கேட்க, "பேருதான் இவங்களுது. பாடினது வேற யாரோ சின்னப் பொண்ணாம்" என்றார் மற்றவர். பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்த நேரம். நான் திரும்பிப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகளாகச் சொல்லாமல் இருப்பவன் அங்கே மட்டும் சொல்லிவிடுவேனா? அதனால் இதை எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது, செயலர் மன்னிக்க வேண்டும்.

ரெஜினாக்காவை நீங்கள் எல்லோரும் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இருங்காட்டுக்கோட்டையில் தங்கை ஜெயராணியின் வீட்டோடு இருந்தார். கனத்த, அடியிலிருந்து வரும் குரல் அவருக்கு. வெளியிலிருந்து கூப்பிடுபவர்களில் பாதிப் பேர் அவரை 'சார்' என்றுதான் அழைப்பார்கள். மெட்ராஸிலிருந்து எங்களுக்கு பேரிங் அனுப்பும் கடைக்காரர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் 'ஆபரேட்டர் சார்' என்று பேசிப் பழகிவிட்டு, ஒரு புத்தாண்டுக்கு நேரிலேயே வந்துவிட்டார், கையில் ஒரு ஷேவிங் செட்டோடு. போர்டு முன்னால் புடவை கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஆபரேட்டர் சார் இல்லீங்களா?" என்று கேட்டார். ரெஜினாக்கா தன் குரலைக் கொஞ்சம்கூட மாற்றாமல், "சார் லீவுல கீறாரு. குடுத்துட்டுப் போங்க, நான் சேத்துடறேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் மனிதர் முகம் போன போக்கை அக்கா எங்களுக்குப் பல நாள் நடித்துக் காட்டினார். ஷேவிங் செட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்.

சிரித்தாலும் அவருக்கு அதில் ஒரு காயம் இருந்தது. தண்டலத்துப் பக்கம் அவர்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் பாடகர் குழு உண்டு. பெண்கள் வரிசையில் நின்றால் மற்றவர்களின் சுருதி கெடுகிறது என்று சொல்லி, பதினைந்து வயதிலேயே அவரை ஆண்களுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். "இருவது வருஷமா எம் முன்னால நிக்கறவங்க முதுகுக்குப் பாடிகினு கீறேன்" என்பார். தமாஷாகத்தான் சொல்வார். ஆனால் திருவிழாவுக்குத் திருவிழா அதே வார்த்தையைச் சொல்வார்.

எங்கள் இசைக்குழுவைப் பற்றி இளையவர்களுக்குத் தெரியாது. பெயர் 'த்ரீ ஃபேஸ்'. எலக்ட்ரீஷியன் வைத்த பெயர் என்று பார்த்தாலே தெரியும். கிடார் நான், பேஸ் கிடார் ஃபிட்டர் குமரேசன், டிரம்ஸ் மோசஸ். ரேடியோவில் மேல்நாட்டு ராக் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடித்து, அதே மாதிரி தமிழில் செய்வோம் என்று கிளம்பினோம். சத்தம் மட்டும் இருந்தால் போதாது, பாட்டுக்கு நல்ல மெட்டும் இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. என் கிடாரின் உடம்பைக் குன்றத்தூர்த் தச்சர் ஒருவர் கட்டிலுக்கு வாங்கிய தேக்கில் செய்து கொடுத்தார். தந்தியின் ஒலியைப் பிடிக்கும் கம்பிச்சுருள், பழைய ரிலே சுவிட்சிலிருந்து கம்பியை உரித்து நானே சுற்றியது. 'ஜெனரல் ஷிஃப்ட்' என்று ஒரு கேசட் போட்டோம். அதில் எல்லாப் பாட்டையும் பாடியவன் நான். தண்டலம் டீக்கடையில் போடச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் நிறுத்திவிட்டு, "நியூஸ் போடற நேரம்பா" என்றார். மணி மூன்று, எந்த நியூஸும் இல்லாத நேரம்.

அந்தக் கேசட்டை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் ரெஜினாக்காதான் என்று நினைக்கிறேன். கான்டீனில் என் எதிரே தட்டை வைத்து உட்கார்ந்தார். "சேகரு, உனக்குப் பாட்டு கட்டத் தெரியுது. பாடத்தான் தெரியல" என்றார். கோபம் வந்தது. "அப்ப நீங்க பாடுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு சொன்னதை எழுத்துக்கு எழுத்து நினைவில் வைத்திருக்கிறேன்.

"பாடறேன். ஒரே ஒரு கண்டிசன். என் குரலை மாத்தச் சொல்லக் கூடாது. அது எங்க கீதோ, பாட்டு அங்க எறங்கி வரணும். ஒத்துக்கறியா?"

ஒத்துக்கொண்டேன். கான்டீன் மேசையில் கையடித்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு வந்த எட்டு மாதம் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம். ஒன்பது பாட்டுகள், ஒவ்வொன்றும் அவர் குரலை அளந்து தைத்தது. கிடாரை எப்போதையும்விடத் தளர்த்திச் சுருதி சேர்த்தோம். குமரேசன், "தந்தி தொங்குதுடா, துணி காயப் போடலாம்" என்று கிண்டல் செய்தான். அவற்றில் ஒரு பாட்டு அவர் போர்டில் சொல்லும் வார்த்தையிலேயே தொடங்கியது:

லைன்ல இருங்க, யாரோ வராங்க,
ஊரு தூங்கல, நானும் தூங்கல,
உங்க குரலு வர்ற வரைக்கும்
இந்தக் கம்பி சும்மா இல்ல.

மோசஸின் டிரம்ஸ் மூன்றாவது வரி வரை சும்மா இருக்கும். அதுவரை அவர் குரலும் என் கிடாரின் ஒற்றைத் தந்தியும் மட்டும்தான். நான்காவது வரியில் எல்லாம் சேர்ந்து எழும். ஒத்திகையில் முதல் முறை அது சரியாக விழுந்த நாளில், பாடி முடித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, "எம் முன்னால இப்ப யாரும் இல்ல, இல்ல?" என்று கேட்டார்.

பதிவு செய்ய ஸ்டுடியோவுக்குப் போக எங்களுக்கு வழியில்லை. பங்குச் சாமியார் அருளப்பா தன் ஸ்பூல் மெஷினைக் கொடுத்தார். பிரசங்கம் பதிவதற்கு யாரோ அவருக்குக் கொடுத்த பெரிய மெஷின் அது. கோவிலை ஒட்டிய மறைக்கல்வி அறையின் ஜன்னல்களில் கோணியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, வேலை விட்டு வந்ததும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை பதிவோம். வேர்வை ஒழுகும். அந்த நேரத்தில் பல்பு மங்கலாகத்தான் எரியும், ஊர் முழுவதும் விளக்குப் போடும் நேரமாயிற்றே. ஒன்பது நாள், நாளுக்கு ஒரு பாட்டு. பதிந்ததை அங்கேயே உடனே போட்டுக் கேட்போம். முதல் நாள் கேட்டபோது ரெஜினாக்கா புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும், "இது நான்தான்" என்றார். கண்ணில் தண்ணீர். மோசஸ், "பின்ன நானா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். 'இது நான்தான்' என்று அவர் சொன்னதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

மின்சாரத்துக்கு ஒரு துடிப்பு உண்டு. நொடிக்கு ஐம்பது என்பது கணக்கு. மாலையில் ஊரெல்லாம் விளக்கு எரியும்போது பளு தாங்காமல் அந்தத் துடிப்பு இறங்கிவிடும். எங்கள் சப்-ஸ்டேஷனில் அதைக் காட்ட ஒரு மீட்டர் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு அதன் முள் நாற்பத்தேழுக்கு வந்துவிடும். மணிக்கொரு தரம் அதைப் பார்த்து எழுதுவது என் வேலை. சாமியாரின் மெஷினில் இருந்தது கரண்டின் துடிப்புக்கு ஏற்றபடி சுற்றும் மோட்டார்; துடிப்பு குறைந்தால் அதுவும் மெதுவாகச் சுற்றும். நாங்கள் ஒன்பது பாட்டையும் மெதுவாக ஓடிய டேப்பில் பதிந்திருந்தோம். அதே நேரத்தில், அதே கரண்டில் போட்டுக் கேட்டதால் சரியாகவே கேட்டது. உலகத்தில் வேறு எந்த இசைக்குழுவும் இந்தத் தப்பைச் செய்திருக்காது. தினமும் அந்த முள்ளைப் பார்த்து எழுதும் எலக்ட்ரீஷியன் ஒருவன் தலைமையில் நாங்கள் செய்தோம்.

இதுவரை அறியாமல் நடந்தது. மெஷினையும் ஸ்பூல்களையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மெட்ராஸுக்குப் போனேன். கேசட் பிரதி எடுக்கும் கடை. அன்று பகலில் அங்கே கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பளு இல்லாத ஜெனரேட்டர் ஐம்பத்திரண்டுக்கு மேலேயே ஓடும். மெஷினைப் போட்டதும் 'லைன்ல இருங்க' பாட்டு வந்தது, வேறு பாட்டாக. கிடார் துள்ளியது. குரல் மெலிந்து, மேலே ஏறி, பதினெட்டு வயதுப் பெண் பாடுவதுபோல் இருந்தது. முதல் வரி முடிவதற்குள் எனக்குக் காரணம் புரிந்துவிட்டது: மெதுவாகப் பதிந்தது இங்கே வேகமாக ஓடுகிறது. புரியவில்லை என்று சொன்னால் என் வேலைக்கே கேவலம்.

கடைக்காரர் தலையை ஆட்டிக் கேட்டார். "யாருபா இந்தப் பொண்ணு? தேனா கீதே! இது ஓடும்பா." நான் தயங்கியதைப் பார்த்து, "வேணும்னா சாயங்காலம் வரைக்கும் இரு. லைன் கரண்ட் வந்துடும், அதுல போட்டுக்கலாம்" என்றும் சொன்னார். நல்ல மனிதர். நான் மாலை வரை காத்திருந்தால் போதும், அவ்வளவுதான். தண்டலம் டீக்கடையில் பாதியில் நின்ற என் முதல் கேசட் நினைவுக்கு வந்தது. "வேணாம், இப்பவே போடுங்க" என்றேன்.

கேசட்டின் பெயர் 'செகண்ட் ஷிஃப்ட்'. அட்டையில் பெரிதாக 'பாடியவர்: ரெஜினா' என்று போட்டிருந்தேன், என்னமோ பெரிய நியாயம் செய்வதுபோல. போர்டு அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மோசஸின் டேப் ரிக்கார்டரில் போட்டோம். ரெஜினாக்கா ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கேட்டார். மோசஸ், "நம்ம பேண்டா இது? இன்னா ஸ்பீடு!" என்று குதித்தான். பாட்டு முடியும்வரை அவர் அசையவில்லை.

"சேகரு, இது நான் இல்ல."

"அக்கா, யாருக்கும் அவங்கவங்க குரல் கேசட்டுல புதுசாத்தான் கேக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றேன்.

"அன்னிக்கு ஃபாதர் மெஷின்ல அப்படிக் கேக்கலியே?"

"அது பெரிய மெஷின்க்கா."

அவர் என் முகத்தையே பார்த்தார். போர்டில் விளக்கு எரிந்தது, யாரோ கூப்பிடுகிறார்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "லைன்ல இருங்க" என்று அந்த ஆளிடம் சொன்னார். நான் வெளியே வந்துவிட்டேன்.

கேசட் ஓடியது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு எதிரே ரேடியோ கடையில் காலையும் மாலையும் போட்டார்கள். குன்றத்தூர்க் கல்யாணங்களில் பெண் அழைப்புக்கு ஒலிபெருக்கியில் வந்தது. அதே தண்டலம் டீக்கடைக்காரர் என்னிடமே, "இந்தப் பொண்ணு பாட்டு இன்னொண்ணு வந்தா குடுப்பா" என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பொய் சொல்லப் போவதில்லை, அந்த நாட்களில் எனக்கு உறுத்தவே இல்லை.

உறுத்தல், அந்த ஆண்டு ஆயுத பூஜையன்று தொழிற்சாலை மைதானத்தில் வந்தது. மேடை போட்டிருந்தார்கள். சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம். ரெஜினாக்கா ஊதாப் பட்டுப் புடவையில் மைக் முன்னால் நின்றார். அவர் முன்னால் யார் முதுகும் இல்லை. தன் சொந்தக் குரலில், அது இருக்கும் இடத்தில், "லைன்ல இருங்க" என்று தொடங்கினார். முன்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "யோவ், கேசட்டுல பாடின பொண்ணைக் கூட்டிகினு வா!" சிரிப்பு எழுந்தது. இன்னொருவன், "இன்னா ஆம்பள குரல்ல பாடுது?" என்றான். ரெஜினாக்கா நிறுத்தவில்லை. கடைசி வரிவரை பாடினார். கைதட்டல் இல்லாமல் இறங்கி வந்து, மேடைக்குப் பின்னால் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, புடவையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார். மடிப்பு சரியாகத்தான் இருந்தது.

அப்போதாவது மைக்கைப் பிடுங்கிச் சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. அடுத்த நிகழ்ச்சிக்கு எல்லாத் தந்திகளையும் முறுக்கி, கேசட்டின் சுருதிக்கு ஏற்றினேன்.

"இன்னா சேகரு, ஏத்திட்டே?" என்றார்.

"ஜனங்க கேசட்டைக் கேட்டுட்டு வராங்கக்கா. அதுல இருக்கற மாதிரியே இருந்தா..."

"கான்டீன்ல கையடிச்சியே."

நான் கிடாரைத் தோளில் மாட்டினேன். அவர் கிடாரைப் பார்த்துவிட்டு, "சரி, ஆரம்பி" என்றார். ஏன் சரி என்றார் என்பது எனக்கு இன்றும் முழுதாகப் புரியவில்லை. பாட வேண்டும் என்ற ஆசை அவ்வளவு இருந்திருக்கிறது. ஓர் ஆண்டு, இருபதுக்கு மேற்பட்ட மேடைகளில், தனக்கு எட்டாத உயரத்தில் தொண்டையை இறுக்கிப் பாடினார். இறங்கி வந்ததும் வெந்நீர்தான். கூட்டம் அப்போதும் முழுதாக நம்பவில்லை. "கேசட்டுல இருந்த இனிமை இல்லையே" என்றார்கள். அதற்குள் வேறு யாரோ பாடியது என்ற பேச்சு ஊரெங்கும் பரவிவிட்டது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது அவருக்குக் குரலே இல்லை. தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மாதம் பேசக் கூடாது.

பேசாத ஆளை போர்டில் எப்படி வைப்பார்கள்? டைம் ஆபீஸுக்கு மாற்றினார்கள். கம்பி ஜன்னல் வழியாக வருகைக் கார்டை எடுத்துக் கொடுக்கும் வேலை. அதற்குக் குரல் தேவையில்லை. மூன்று மாதம் கழித்துக் குரல் வந்தது, கிழிந்த குரலாக. போர்டுக்கு வேறு பெண் வந்துவிட்டார். ரெஜினாக்கா பிறகு பாடவே இல்லை. கோவிலில்கூட வாயைத் திறக்கவில்லை என்று மோசஸ் சொன்னான். 'த்ரீ ஃபேஸ்' அத்தோடு நின்றது. தேக்குக் கிடாரைப் பரண்மேல் போட்டேன்.

ஒரு நாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஷிஃப்ட் முடிந்து கூட்டம் குறையும்வரை காத்திருந்து டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போனேன். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவர் கையிலிருந்த கார்டுகளைக் கீழே வைத்தார். முகம் பளிச்சென்று ஆனதை நான் பார்த்தேன். கிழிந்த குரலில், "சொல்லு. லைன்லதான் கீறேன்" என்றார்.

காத்திருந்தார். "ஞாயித்துக்கிழமை ஓ.டி. பார்த்தேன், கார்டுல ஏறிச்சானு பாருங்க" என்றேன். அவர் கார்டைத் தேடி எடுத்துப் பார்த்து, "ஏறிச்சுப்பா" என்றார். இது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு ஆண்டுகளும் தினமும் இரண்டு முறை அந்த ஜன்னல் முன்னால் நின்றிருக்கிறேன். எனக்கே என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

அடக்கம் முடிந்த ஏழாம் நாள் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன். ஜெயராணி காபி கொடுத்தார். அலமாரியில் ரெஜினாக்காவின் சின்ன டேப் ரிக்கார்டர் இருந்தது, பக்கத்தில் 'செகண்ட் ஷிஃப்ட்' கேசட். அதன் அருகே ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பேட்டரிக் கட்டைகள். எல்லாம் பழசு. நம் வீடுகளில் தீர்ந்த கட்டையை வெயிலில் வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோமே, அதுபோல என்று நினைத்து, "வெயில்ல வைக்கவா இத்தனை?" என்று கேட்டேன்.

"வெயில்ல வெச்சா அக்கா திட்டும்" என்றார் ஜெயராணி. "டார்ச்சுல எரிஞ்சு முடிஞ்ச கட்டை, பக்கத்து வூட்டு ரேடியோவுல தீந்த கட்டை, எல்லாத்தையும் கேட்டு வாங்கி வெச்சுக்கும். இந்தக் கேசட்டைப் புதுக் கட்டை போட்டுக் கேக்கவே கேக்காது. எறங்கின கட்டை போட்டாத்தான் நான் வரேன், புதுசு போட்டா வேற யாரோ வராங்கன்னு சொல்லும். எங்களுக்கு இன்னா புரியும்? லூசு அக்கான்னு சிரிப்போம்."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கட்டை இறங்கினால் டேப் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடினால் குரல் தன் இடத்துக்கு இறங்கிவிடும். படிப்பும் மீட்டரும் இல்லாமல் அவர் அதைத் தானே கண்டுபிடித்திருக்கிறார். என்னிடம் வந்து கேட்கவில்லை.

"அக்காவுக்கு எப்பலேர்ந்து இது தெரியும்?" என்று கேட்டேன்.

"கேசட்டு வந்த வருஷமே. உங்களைக் கேக்கச் சொன்னேன். 'கரண்டு அவன் வேலை, அவனுக்குத் தெரியாம இருக்குமா? அவனாச் சொல்லுவான். நானு லைன்ல கீறேன்'னு சொல்லிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் கூட, 'சேகரு வந்தா உக்கார வை'ன்னு சொல்லிட்டுத்தான் ஆட்டோவுல ஏறிச்சு."

அந்த வீட்டில் உட்கார்ந்து அழுதேன். ஜெயராணி துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார். அவரிடமும் அன்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. இதைப் படித்து அவர் தெரிந்துகொள்வார். மோசஸுக்கும் இப்போதுதான் தெரியும். அவன் இனி என்னோடு பேசாவிட்டால் அது நியாயம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில் கேசட்டை ஒலிபெருக்கியில் போடப்போவதாக மன்றம் அறிவித்திருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன், அதைப் போடாதீர்கள். ஸ்பூல்கள் சாமியார் அருளப்பாவின் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன, மெஷினும் ஓடுகிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கூட்டத்தை மறைக்கல்வி அறையில் வையுங்கள். மாலை ஏழு மணிக்கு வையுங்கள். பல்பு மங்கும், மீட்டர் முள் இறங்கும். நம் ஊரின் அந்தக் கரண்டில்தான் ரெஜினாக்கா அவராக வருவார்.

அவருடைய பொருளாக என்னிடம் இருப்பது, ஜெயராணியிடம் கேட்டு வாங்கிவந்த இரண்டு தீர்ந்த பேட்டரிக் கட்டைகள். சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஞாயிறன்று 'லைன்ல இருங்க' பாட்டு முடிந்ததும் நான் எழுந்து நிற்பேன். எல்லோர் முன்னாலும், காரணத்தோடு சொல்வேன். இங்கே உங்களிடம் முதலில் சொல்கிறேன், அக்கா: கேசட்டில் பாடியது நீங்கள்தான். குரலை மாற்றியது நான்.